முள் அசையவில்லை

புனேயை அடுத்த கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வந்தது. அந்த வீட்டில் ஒரு பழைய புல்லட் இருந்தது. 1986-ஆம் ஆண்டு வண்டி. தந்தை வேலூரிலிருந்து வேலைக்காக அங்கு வந்தவர். வண்டி சென்னைத் திருவொற்றியூரில் உருவாகி அங்கு வந்தது. புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். 1955-இல் அதைச் சென்னையில் செய்யத் தொடங்கினார்கள். பிறகு இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டபோதும் சென்னையில் வேலை நிற்கவில்லை. ஆகவே தந்தை அதை "நம் ஊர் வண்டி" என்றே சொல்லுவார். அக்கம்பக்கத்து மராத்தியர்கள் அதை ஒப்புக்கொண்டதில்லை. அவர்கள் கண்ணில் அது பட்டாளத்து வண்டி.

அவருடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. புல்லட்டைக் காலால் உதைத்துக் கிளப்ப வலுவான முழங்கால் வேண்டும். அடுத்த மாதம் பணி ஓய்வு. அதன்பின் வேலூருக்கே திரும்புவதென்று முடிவாகியிருந்தது. லோணாவளாவில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ள முன்வந்தார். கொடுக்கும் பொருளைக் குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று எண்ணிய தந்தை, முந்திய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து வண்டியின் சட்டத்திற்குத் தம் கையாலேயே கறுப்பு வண்ணம் பூசினார்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை மாலை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகள் பின்னால் அமர்ந்திருந்தாள். விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லையாதலால், பழைய மும்பை நெடுஞ்சாலை வழியாகவே சென்றார்கள். காம்ஷேத்தைக் கடந்ததும் மழை வலுத்தது. அப்போது ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் இயந்திரத்தின் ஒலி அறுந்தது. இருமவில்லை, திணறவில்லை. சுவிட்சை அணைத்தாற்போல நின்றது. முகப்பு விளக்கும் அணைந்தது. பின்னால் வந்த லாரி நெடுநேரம் ஒலியெழுப்பிக்கொண்டு ஒதுங்கிச் சென்றது. இருவரும் வண்டியைத் தள்ளி, சாலையோரத் தேநீர்க் கடையின் தகரக் கூரைக்கடியில் நிறுத்தினார்கள்.

இத்தகைய வேளையில் பலர் செய்வது, மூச்சு வாங்கும்வரை உதைத்துப் பார்ப்பது. தந்தை உதைக்கவில்லை. முழங்கால் மட்டும் அதற்குக் காரணம் அன்று. தொழிற்சாலை அவருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கமும் அதுதான்.

"என்னென்ன செத்திருக்கிறது என்று முதலில் பார், அம்மா," என்றார்.

மகள் சாவியைத் திருப்பி ஹாரனை அழுத்தினாள். ஒலி இல்லை. பிரேக்கை மிதித்தாள், பின்விளக்கு எரியவில்லை.

"இயந்திரம் மட்டும் நின்றிருந்தால் பிளக், காயில், பாயிண்ட் என்று தேடலாம். ஹாரனுக்கும் பிளக்குக்கும் என்ன உறவு? எல்லாம் ஒரே நொடியில் போயிருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் குறை."

முகப்பு விளக்கின் மேலே ஆம்மீட்டர் என்னும் சிறு வட்ட மானி உண்டு. பாட்டரிக்குள் மின்னோட்டம் போகும்போது அதன் முள் கூட்டல் பக்கம் சாயும். பாட்டரியிலிருந்து வெளியேறும்போது கழித்தல் பக்கம் சாயும். சாவியைத் திறந்து வைத்து, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால், உள்ளே பாயிண்ட் மூடித் திறக்கும். முள்ளும் அதற்கேற்ப இடப்பக்கம் சாய்ந்து மீளும். தந்தை மும்முறை அழுத்திப் பார்த்தார். முள் நடுவிலேயே நின்றது.

கருவிப் பையில் அவர் எப்போதும் ஒரு சோதனை விளக்கு வைத்திருப்பார். பெரிய பொருள் ஒன்றும் அன்று: பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தது. அதை பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பாட்டரியில் குறையில்லை. ஃபியூஸைக் கழற்றினார். கண்ணாடிக் குழாய்க்குள் இழை அறுபடாமல் இருந்தது. ஆயினும் அவர் அதை நம்பவில்லை. மூடியின் அடியில் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாதல்லவா? பாட்டரியோடும் விளக்கோடும் சேர்த்து அதையும் சோதித்தார். எரிந்தது.

அதன்பிறகு தந்தை தவறினார். பழைய வண்டிகளில் சாவி போடும் சுவிட்ச் தேய்ந்துபோவது வழக்கம். ஆம்மீட்டரின் பின்னால் கம்பிகள் தளர்வதும் உண்டு. குறை அவ்விரண்டில் ஒன்றில்தான் இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக எண்ணினார். முகப்பு விளக்கைக் கழற்றி, உள்ளிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், மரைகளை இறுக்கினார். மகள் குடையைப் பிடித்தபடி நின்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. மழை நிற்கவில்லை, இருள் கூடிக்கொண்டே வந்தது. விளக்கில்லாத வண்டியை அந்தச் சாலையில் தள்ளிச் செல்லவும் முடியாது. அனுபவம் மிகுந்தவர்களுக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு: முன்பு பத்து முறை கண்ட குறையையே பதினோராம் முறையும் தேடுவார்கள்.

"இதைப் பிடி," என்று சோதனை விளக்கை மகளிடம் கொடுத்தார். "ஒரு கம்பியை பாட்டரியின் நேர்முனையில் வை. மற்றதை வண்டியின் ஏதாவது ஓர் இரும்பில் வை. பல்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்."

அவள் சட்டத்தில் வைத்தாள். எரியவில்லை.

"பெயிண்டின் மேல் வைத்தால் எப்படி எரியும்? வெறும் இரும்பில் வை!" குரலில் எரிச்சல் இருந்தது.

அவள் இயந்திரத்தின் பக்கம் கையை நீட்டி, வண்ணம் பூசாத உலோகத்தில் கம்பியை அழுத்திப் பிடித்தாள். அப்போதும் எரியவில்லை.

தந்தையின் கைகள் நின்றன. சற்று நேரம் அவர் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சாரம் புறப்பட்டுப் போனால் மட்டும் போதாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவும் வழி வேண்டும். வண்டியில் போகும் வழிக்குத் தனித்தனிக் கம்பிகள் உண்டு. திரும்பும் வழியோ பெரும்பாலும் வண்டியின் இரும்புதான். விளக்கு, ஹாரன், காயில் எல்லாவற்றின் மின்னோட்டமும் இயந்திரத்தின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் வந்து, ஒரே ஒரு தடித்த கம்பியின் மூலம் பாட்டரியின் எதிர்முனையை அடைகிறது. அதைத்தான் எர்த் கம்பி என்கிறார்கள். சட்டத்தில் ஒரு போல்ட்டுக்கடியில் அதன் வளையம் இறுகியிருக்கும். அந்த வண்டியில் ரெக்டிஃபையரின் கம்பியும் அதே வளையத்தில் சேர்ந்திருந்தது. அந்த ஓர் இடம் விட்டுப்போனால் பாட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்ணம் பூசுவதற்காக அந்தப் போல்ட்டைக் கழற்றியவர் அவரே. வண்ணம் காய்ந்ததும், அதன் மேலேயே வளையத்தை வைத்து முடுக்கிவிட்டார். போல்ட்டின் மரை வழியாகச் சிறிது தொடர்பு இருந்ததால் வண்டி ஓடியது. வழியெல்லாம் அதிர்ந்ததில் போல்ட் தளர்ந்து, அந்தத் தொடர்பும் அற்றுப்போனது.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றினார். தாம் பளபளக்கப் பூசிய வண்ணத்தைக் கத்தியால் சுரண்டினார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, வைத்து இறுக்கினார். கடைசியில் துரு ஏறாதிருக்க மேலே சிறிது கிரீஸ் தடவினார். முழு வேலைக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மகள் சாவியைத் திருப்பினாள். முள் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. ஹாரன் ஒலித்தது. தேநீர்க் கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். உதைத்துக் கிளப்பியதும் மகளே. மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது.

லோணாவளாவில் ஆசிரியரின் வீட்டை அடைந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. தந்தை பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே நடந்ததைச் சொன்னார். சுரண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். மறந்துபோகாமல் இருக்க அதை எழுதியும் வைக்க வேண்டும் என்றார். அவருக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல மகள் முதலில் தமிழில் எழுதினாள். பின்னர் அதனடியில் மராத்தியில் எழுதி முடித்தாள். தந்தை தமிழை மட்டும் வாங்கிப் படித்தார்.

"எர்த் கம்பியை மாதம் ஒருமுறை பார்க்கவும். துரு இருந்தால் சுரண்டி, நன்றாக இருக்க வேண்டும்."

'இறுக்க' என்று எழுத வேண்டிய இடம். தந்தை அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அன்று முதன்முறையாகச் சிரித்தார். பிறகு பேனாவை வாங்கி, 'ரு'வை 'று' ஆக்கினார். தாளை மடித்துக் கருவிப் பையில் சோதனை விளக்கோடு வைத்துவிட்டு, கட்கி ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.