வால்வு சூடேறும் வரை

எங்கள் வீட்டில் வாப்பாவின் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. குமிழைத் திருகியதும் அது பேசிவிடாது. டயல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். வால்வு சூடேறிய பிறகுதான் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி மெல்ல எழும்பி வரும். அந்தக் குரல்களின் கனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உம்மாவின் தாலாட்டுகளைப் பதிவுசெய்ய நினைத்தபோது அந்தக் கனத்தையே நான் தேடினேன். எந்த ஏட்டிலும் இல்லாத பாட்டுகள் அவை. கொழும்பில் வாங்கிய மலிவான கண்டென்சர் மைக்கின் முன்னால் உம்மாவை மூன்று நிமிடம் பாடவைத்தேன். கேட்டால், 'ச'வும் 'ஸ'வும் ஊசியாய்க் குத்தின.

"மைக்கைச் சரிக்கட்டிட்டு எல்லாத்தையும் எடுப்பம் உம்மா" என்றேன்.

"ஒங்களுக்கு வசதிப்பட்ட நேரம் எடுங்க மகன்."

கண்டென்சர் மைக்கில் தங்கம் பூசிய மெல்லிய சவ்வொன்று குரலுக்கு அதிரும். அதிலிருந்து பிறக்கும் மின்குறி மிகமிகப் பலவீனமானது. பக்கத்திலேயே அதைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். ஜெர்மனியின் நொய்மான் நிறுவனம் 1949இல் வெளியிட்ட யூ47இல் அந்த வேலையைச் செய்தது வால்வு. 1967இல் வந்த யூ87இல் அது டிரான்சிஸ்டர். நான் காலத்தைப் பின்னோக்கித் திருப்பப் புறப்பட்டேன்.

டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, சுண்டுவிரல் மொத்தத்தில் 5840 என்ற வால்வை வைத்தேன். 48 வோல்ட் அதற்குப் போதாது. சூடேற 6.3 வோல்ட், இயங்க நூறுக்கு மேல். பழுதாகிக் கிடந்த வாப்பாவின் ரேடியோவிலிருந்து மின்மாற்றியை எடுத்து, தனிப் பெட்டியில் மின்வழங்கி கட்டினேன். கரண்டை நிறுத்திய பிறகும் கொண்டன்சரில் மின்சாரம் தங்கி நிற்கும் என்பதை என் விரல் ஒருநாள் கற்றுக்கொண்டது.

மைக் வேலை செய்தது, ஆனால் பொரிந்தது. வால்வின் வாசலில் நூறு கோடி ஓம் தடையொன்று இருக்கிறது. அந்த இடத்தில் விரலின் எண்ணெய்ப் பசையும் ஈரமும் படவே கூடாது. பட்டிப்பொல புகையிரத நிலையமோ கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே மூடுபனி கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. ஸ்பிரிட்டால் துடைத்தேன், சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தேன், மறுபடி துடைத்தேன். ஒரு விடுமுறை போய் அடுத்த விடுமுறையும் வந்தது.

"இன்னும் சரிவரல்லயா மகன்?" என்று உம்மா இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

பொரிதல் நின்ற கிழமையில் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எழும்பி உட்கார்ந்தார். பேச்சும் கொஞ்சம் திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. வால்வு மைக்கின் முன்னால் உட்காரவைத்தேன். முதல் வரியைத் தொடங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகுதான் சில விஷயங்களை ஆறுதலாகப் படித்தேன். வால்வு தருகிற இனிமை என்பது குரலோடு அது சேர்க்கும் ஒரு மெல்லிய திரிபு. மலிவு மைக்குகள் பலவற்றின் கூர்மைக்கு டிரான்சிஸ்டர் காரணமே இல்லை. சவ்வுப் பகுதி மேல்சுரங்களைத் தூக்கிக் கொடுக்க, சுற்று அதைத் தணிக்காமல் விட்டுவிடுகிறது. பொருத்தமான ஒரு சிறு கொண்டன்சரைப் பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அரை மணித்தியால வேலை.

இப்போது என்னிடம் இருப்பது அந்த மூன்று நிமிடம்தான். என் மகள் தன் பிள்ளையை உறங்கவைக்க அதைத்தான் போடுகிறாள். 'ச' இன்னும் குத்துகிறது. பிள்ளை அதைக் கவனிப்பதில்லை. பாட்டு முடிவதற்குள் உறங்கிவிடுகிறது.