படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி

பக்கவாதம் வந்தவரின் கோப்பில் ‘துணையில்லாமல் 10 மீற்றர் நடக்க வேண்டும்’ என்று இலக்கு எழுதுகிறோம். ராகமையிலோ திகனையிலோ உள்ள மறுவாழ்வு ஆஸ்பத்திரியின் சமதரைக்கு அது சரி. நல்லதண்ணியில் சமதரைக்கு எங்கே போவது? சிவனொளிபாத மலை ஏற வருகிறவர்கள் பார்க்கும் கடைத்தெருவைத் தாண்டினால், லயங்கள் சரிவிலேதான் நிற்கின்றன. காம்பரா, இஸ்தோப்பு, பாசி பிடித்த படிகள், அதற்கும் கீழே கக்கூஸ்.

வலப்பக்கம் விழுந்துபோன ஒரு கொழுந்துக்கார அம்மாவுக்குக் கைப்பயிற்சி தொடங்கினேன். “கை கெடக்கட்டும் மிஸ். ராத்திரியில மருமகள எழுப்பாம கக்கூஸ் போய்வர வழி பண்ணுங்க” என்றார். மருமகள் விடிந்ததும் கொழுந்து மலைக்குப் போக வேண்டும். செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே படியில் இறங்கினோம். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வாதப்பட்ட கால் முன்னே. பிடிக்க இடக்கை மட்டும்தான். இறங்கும்போது இடப்பக்கம் இருக்கும் மூங்கில் கைப்பிடி ஏறும்போது வலப்பக்கமாகிவிடும். அதனால் இரண்டு பக்கமும் கட்டச் சொன்னேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அம்மா தேறிவிட்டதாக எழுத வேண்டாம் என்றார் மகன். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். இனி வேலையே செய்ய முடியாது என்று டொக்டர் சான்று தந்தால் முன்னரே எடுக்கலாம். அம்மாவுக்கு ஐம்பது ஆகவில்லை. வீட்டில் கடன். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அளந்ததைக் குறைத்து எழுத மாட்டேன். அதே சமயம் ‘நடக்கிறார்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் பொய்தான். சரிவில் நிற்க முடியாது, கூடை சுமக்க முடியாது, இரண்டு கையாலும் கொழுந்து பறிக்க முடியாது என்பதையும் சேர்த்தே டொக்டருக்கு எழுதினேன்.

ஆனால் பணத்தை இப்போதே எடுக்க அந்த அம்மாவுக்கு விருப்பமா? சிங்களம் பேசும் டொக்டருக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்த்தவர் மகன். மகன் பக்கத்தில் இருக்கும்வரை “தம்பி சொல்றபடி” என்றுதான் பதில் வரும். பயனடையப்போகிற மகனின் வாயால் வரும் சம்மதத்தைச் சம்மதம் என்று ஏற்க என்னால் முடியாது. தனியாக உட்காரவைத்துத் தமிழில் கேட்டேன். பணத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “பேர வெட்டிட்டா காம்பராவையும் கேப்பாங்களா மிஸ்?” என்றார். லயம் தோட்டத்துச் சொத்து. அந்தப் பயம் வீண் பயமல்ல. தொழிற்சங்கத் தலைவரை வைத்துப் பேசி முடிக்கும்வரை எதிலும் கைநாட்டு வைக்க வேண்டாம் என்றேன். மகன் என்னோடு கோபித்துக்கொண்டார். பயிற்சி நிற்கவில்லை.