சைபர்ஜெயாவின் இரவு மின்சாரம்

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் டிரான்சிட் ரயில் ஏறினால், அரை மணிக்குள் புத்ராஜெயா–சைபர்ஜெயா நிலையத்தில் இறங்கிவிடலாம். பூக்கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கும் தெருக்களிலிருந்து வருபவருக்கு, இங்குள்ள அகலச் சாலைகளும் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகமும் வேறொரு நாடுபோல் தோன்றும். சன்னல்கள் அதிகமில்லாத பெரிய கட்டடங்கள் சிலவும் கண்ணில் படும். அவைதாம் தரவு மையங்கள். நாம் அனுப்பும் படங்களும் வங்கிக் கணக்குகளும் இத்தகைய கட்டடங்களில்தான் குடியிருக்கின்றன.

1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே, மகாதீர் பிரதமராக இருந்தபோது, சைபர்ஜெயா உருவாகத் தொடங்கியது. சுமார் 7,000 ஏக்கரில் எழுந்த இந்த நகரத்துக்கு முன்பு இந்த வட்டாரம் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்ட மண். பக்கத்தில் புத்ராஜெயாவைக் கட்டியபோது பிராங் பெசார், மேடிங்லி, செட்ஜ்லி, காலவே தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் அருகிலுள்ள டிங்கில் ஊரின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. பால் வெட்டிய கைகள் திருத்திய நிலத்தின் மேல்தான் இந்த இணைய வட்டாரம் நிற்கிறது.

தரவு மையத்துக்கு ஓய்வு நேரம் கிடையாது. கணினிகள் ஓடும்வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க இன்னும் மின்சாரம் வேண்டும். குளிரூட்டும் வேலையில் இந்த ஊருக்கு நல்ல அனுபவம் உண்டு. மெகாஜானா நிறுவனம் மின்தேவை குறைந்த இரவில் குளிர்ச்சியைத் தொட்டிகளில் சேர்த்துவைத்து, பகலில் குளிர்நீராகக் குழாய் வழியே கட்டடங்களுக்கு அனுப்புகிறது.

சூரிய மின்சாரத்தின் சிக்கல் இதற்கு நேர் எதிர்: பகலில் விளைவதை இரவுக்குச் சேர்த்துவைக்க வேண்டும். கோல லங்காட்டில் மின்வாரிய நிறுவனமான தெனாகா நேஷனலின் 50 மெகாவாட் சூரியப் பண்ணை 2018 முதல் மின்சாரம் தருகிறது. ஆனால் பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும். தீபகற்ப மலேசியாவின் மின்கட்டமைப்பு ஒன்றே என்பதால், இரவுச் சுமையைத் தாங்குபவற்றில் கிள்ளான் மாவட்டத்துக் காப்பார் அனல்மின் நிலையமும் ஒன்று. அங்கே நிலக்கரி அலகுகள் மட்டும் 1,600 மெகாவாட். நிலக்கரி கப்பலில் வருகிறது. புகை கிள்ளான் பக்கத்து மக்களின் தலைக்கு மேல் போகிறது.

2024இல் அரசு ‘கிரெஸ்’ திட்டத்தை அறிவித்தது. பசுமை மின்சாரம் உற்பத்தி செய்பவர், தெனாகாவின் கம்பி வழியாக நிறுவனங்களுக்கு நேரடியாக விற்கலாம். அப்போது அறிவித்த கம்பிக் கட்டணம், மின்கலத்தின் துணையோடு சீராக வரும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 25 சென். வெயில் போனால் நிற்கும் மின்சாரத்துக்கு 45 சென். சேமித்துத் தருபவருக்குச் சலுகை தரும் இந்தக் கணக்கு சரியான திசை.

அடுத்த அடியை நிறுவனங்கள் எடுக்க வேண்டும். ஓராண்டில் செலவான அளவுக்குச் சூரிய மின்சாரம் வாங்கிவிட்டோம் என்று சான்றிதழ் காட்டுவது எளிது. இரவு 2 மணிக்குச் செலவானதற்கு அது பதிலாகாது. 2030க்குள் ஒவ்வொரு மணி நேரமும் கரிமமற்ற மின்சாரம் என்ற இலக்கை 2020இல் அறிவித்த கூகுள், சிலாங்கூரின் எல்மினாவில் தரவு மையம் அமைக்கிறது. அதே மணிக்கணக்கைச் சைபர்ஜெயாவின் ஒவ்வொரு தரவு மையமும் பொதுவில் வெளியிட வேண்டும். மின்கலக் கூடங்களிலும் சூரியப் பண்ணைகளிலும் உருவாகும் தொழில்நுட்ப வேலைகளுக்கு டிங்கில், காப்பார் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கவும் வேண்டும். நிலத்தைத் திருத்தியவர்களுக்கும் புகையைச் சுமப்பவர்களுக்கும் இந்த ஊர் செலுத்தவேண்டிய கடன் அது.