திட்டு வாங்கித் திருந்திய ரயில் நிலையம்

ஹெல்சிங்கி ரயில் நிலைய வாசலில் நான்கு கல் மனிதர்கள் நிற்கிறார்கள், பக்கத்துக்கு இரண்டு பேராக. ஆளுக்கொரு உருண்டை விளக்கை இரு கைகளாலும் ஏந்தியிருக்கிறார்கள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இடுப்புக்குக் கீழே உடல் நேர்கோடுகளாக இறங்கித் தூணோடு கலந்துவிடுகிறது. டிசம்பரில் மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் அது. அங்கே விளக்கேந்திகளை வாசலில் நிறுத்திய சிற்பி எமில் விக்ஸ்ட்ரோமுக்கு ஊரின் தேவை தெரிந்திருக்கிறது.

கட்டடம் எலியல் சாரினெனுடையது. 1904-இல் நடந்த போட்டியில் அவர் பரிசு வாங்கிய வரைபடத்தைப் பார்த்தால் இது அதே ஆள்தானா என்று தோன்றும். ஏதோ பழங்காலக் கோட்டை மாதிரி இருக்கும். ஃபின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. தனி அடையாளம் தேடியவர்கள் கல்லிலும் பழமையிலும் அதைத் தேடினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரயில் வந்து நிற்கும் இடத்துக்குக் கோட்டை எதற்கு? அதே போட்டியில் தோற்ற சிகுர்ட் ஃப்ரோஸ்டெருஸ், நண்பர் குஸ்டாஃப் ஸ்ட்ரெங்கெல்லுடன் சேர்ந்து இதைத்தான் கேட்டார். இரும்பின் காலத்துக்கு ஏற்ற கட்டடம் வேண்டும் என்று சின்னப் புத்தகமே போட்டுத் தாளித்துவிட்டார்கள். தோற்றவரின் பொருமல் என்று சாரினென் ஒதுக்கியிருக்கலாம். அவரோ வரைபடத்தை மாற்றி வரைந்தார். இன்று நாம் பார்க்கும் செங்கருங்கல் சுவர், பெரிய வளைவு வாசல், பச்சை படிந்த செப்புத் தலையோடு நிற்கும் மணிக்கூண்டு எல்லாம் அந்தத் திருத்தத்தில் வந்தவை.

1914-இல் கட்டடம் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் உலகப் போர் வந்தது. பயணிகளுக்கு முன்னால் காயம்பட்ட ரஷ்யச் சிப்பாய்கள் வந்து படுத்தார்கள்; நிலையம் ராணுவ மருத்துவமனையானது. 1917-இல் ஜார் ஆட்சி கவிழ்ந்தது, அந்த ஆண்டுக் கடைசியில் ஃபின்லாந்தும் சுதந்திர நாடானது. 1919-இல்தான் முறையான திறப்பு விழா. ஜாருக்கென்று ஒதுக்கிய தனி ஓய்வறை, குடியரசுத் தலைவருக்கும் அவருடைய விருந்தினர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

திட்டிய ஃப்ரோஸ்டெருஸ் சும்மா இருந்துவிடவில்லை. 1930-இல் கட்டி முடிந்த ஸ்டாக்மன் பல்பொருள் அங்காடி அவர் வடிவமைத்தது. நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஹெல்சிங்கி போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.