திட்டம் இருக்கு, சட்டம் எங்கே?



செமஸ்டர் லீவு. அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, திருச்சுழி பக்கம் இருக்கும் எங்க ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, தேசிய காலநிலை மாற்றச் செயல்திட்டத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். 2008 ஜூன் 30-ல் வெளியானது, எட்டு இயக்கங்கள், அதில் தண்ணீருக்கு ஒன்று, நீர்ப் பயன்பாட்டுத் திறனை 20 சதவீதம் கூட்டணும்...

வெத்தலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டது: "அதுல நம்ம கண்மாய்க்கு என்னய்யா இருக்கு?"

முழித்தேன். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். தண்ணி இருந்தால்தானே சிக்கனம் பண்ண முடியும்?

அப்பத்தாவுக்குச் சட்டம் தெரியும். அதே கண்மாயில் நூறு நாள் வேலைக்கு மண் அள்ளியது. 2005-ல் வந்த அந்தச் சட்டத்தில், கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் படி கொடுக்கணும் என்று எழுதியிருந்தது. அதனால் ஆபீசில் போய்த் தைரியமாகக் கேட்டது. இந்த எட்டு இயக்கத்தை நான் எந்த ஆபீசில் போய்க் கேட்பது? இது திட்டம்தானே, சட்டம் இல்லையே!

பிரிட்டன் அதே 2008-ல் காலநிலைக்கென்று சட்டமே போட்டுவிட்டது. நம் நாட்டில் இன்னும் அப்படி ஒரு முழுச் சட்டம் கிடையாது. ஆனால் 2024-ல், கானமயில் என்ற பறவையைக் காக்கும் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து பாதுகாப்பு பெறுவதும் அரசியல் சட்டம் தரும் உரிமை என்றது உச்ச நீதிமன்றம்.

உரிமை இருக்கு. அதைக் கேட்டு வாங்க ஒரு சட்டமும் வரணும். மனு எழுதினால் அப்பத்தாதான் முதல் கைநாட்டு. அடுத்த கையெழுத்து நீங்களா?