சாம்பலை அகற்றும் வேலை



லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடும் ஒரு சிறு கட்டளை உண்டு. இரவெல்லாம் எரிந்த தகனபலியின் சாம்பலை ஆசாரியனே அள்ள வேண்டும். பிறகு வேறு உடை உடுத்திக்கொண்டு, அதைப் பாளயத்துக்கு வெளியே அவனே சுமந்து செல்ல வேண்டும். வேலைக்காரன் ஒருவனை அனுப்பினால் போதும் என்று அங்கே எழுதப்படவில்லை. சில மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் இந்தப் பகுதி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள்.

நம் சபையின் சகோதரி ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவரை மாரடைப்பில் இழந்தார். அந்தச் சகோதரர் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள மண் தடங்களில் பந்தய வண்டி ஓட்டியவர். அவர் விட்டுச்சென்ற 125 சிசி டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. விளக்கோ கண்ணாடியோ இல்லாத, சாலையில் ஓட்ட அனுமதியில்லாத வண்டி அது. மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவனுக்கு அதை ஓட்ட வேண்டும். தாய்க்கோ அதை விற்றுவிட வேண்டும். ஊழியத்துக்கு வருமுன் நான் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதை அறிந்த அந்தச் சகோதரி, “பாஸ்டர் ஐயா, ஓட்டக் கூடாதென்று நீங்களே அவனிடம் சொல்லுங்கள்” என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டுவதானாலும் விற்பதானாலும் முதலில் எஞ்சினைச் சீர்ப்படுத்த வேண்டும், அதுவரை முடிவு எதுவும் வேண்டாம் என்றேன். இருவரும் அரைமனதோடு இசைந்தார்கள்.

உங்களில் மூத்தவர்கள் பழைய ஸ்கூட்டர் நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் பங்கில் டூ-டி ஆயிலைக் கேட்டுக் கலந்து வாங்குவோமே, அதே எஞ்சின் வகைதான் இதுவும். மற்ற வண்டிகளில் எண்ணெய் அடியில் தங்கிச் சுற்றிவரும். இதிலோ பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், உராயும் இடங்களை நனைத்துவிட்டு, தானும் எரிந்துபோகிறது. 32க்கு 1 என்ற விகிதமானால் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 156 மில்லிலிட்டர் எண்ணெய். கண்ணளவில் ஊற்றுவதற்கு இங்கே இடமில்லை. எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்று சிலர் எண்ணுகிறார்கள். எண்ணெய் கூடும்போது அந்தக் கலவையில் பெட்ரோல் குறைகிறது, கரியும் சேர்கிறது. கலக்கும் விகிதத்தை அந்தந்த வண்டியின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் நின்ற வண்டியில் முதலில் கெட்டிருந்தது கார்புரேட்டர். உள்ளே தேங்கிய பெட்ரோல் வற்றி, அரக்குப் போலப் படிந்து, மயிரிழை அளவேயான ஜெட்டின் துளையை அடைத்திருந்தது. தம்பி கம்பியைத் தேடினான். தடுத்தேன், பித்தளைத் துளை சற்றே அகன்றாலும் பெட்ரோலின் அளவு மாறிவிடும். ஊறவைத்து, காற்றடித்துத் திறந்தோம். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுக்கும். ஆகவே பல நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடுவது நல்லது.

இந்த வண்டிக்கு உண்மையான சத்துரு தூசி. காற்றும் பெட்ரோலும் கிராங்க் அறையின் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. ஆகவே வடிகட்டியைத் தாண்டிய மண் துகள் முதலில் பேரிங்குகளையும், பின்பு பிஸ்டனையும் அரைக்கும். தடத்தில் ஓடிய ஒவ்வொரு நாளும் ஏர் ஃபில்டரின் நுரைப்பஞ்சைக் கழற்ற வேண்டும். அதற்குரிய திரவத்தில் அழுக்கைக் கரைத்து, சோப்புநீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் முழுவதும் காயவைத்து, ஃபில்டர் எண்ணெயை எல்லாப் பக்கமும் ஊறும்படி பிசைய வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஓட்டியவுடன் களைப்போடு செய்ய வேண்டியிருப்பதால் பலரும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

செயினின் தளர்வு, ஆரக்கம்பிகளின் இறுக்கம், கியர்பெட்டியின் தனி எண்ணெய் இவற்றைத் தம்பியே விரைவில் கற்றுக்கொண்டான். பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்க்கவும் பழகினான். தேநீர் நிறமானால் நலம். வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஈரக் கறுப்பானால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி.

பிஸ்டனை மாற்றிய மாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தகைய வண்டிகளில் பிஸ்டனின் ஆயுளைக் கிலோமீட்டரில் அல்ல, ஓடிய மணிகளில் எண்ணுகிறார்கள். சிலிண்டரைத் தூக்கியபோது தம்பி பேசாமல் நின்றான். பிஸ்டனின் தலையில் கரி படிந்திருந்தது. அவன் தகப்பனார் கடைசியாக ஓட்டிய ஓட்டத்தின் கரி அது. சுரண்டட்டுமா என்று கேட்டேன். “நானே செய்கிறேன், ஐயா” என்றான். புதியது போடப்போகிறோம், பழையதைச் சுத்தம் செய்யத் தேவையே இல்லை. அதை நான் சொல்லவில்லை. மரத்துண்டால் மெதுவாகச் சுரண்டி, துடைத்து, அந்தப் பிஸ்டனைத் தன் மேசைக்கு எடுத்துச் சென்றான்.

புதிய பிஸ்டனின் அம்புக்குறி புகை வெளியேறும் துவாரத்தின் திசையை நோக்கவேண்டும். ரிங்கின் இரு முனைகளும் அதற்கான சிறு முளையில் சரியாகப் பொருந்தவேண்டும். தவறினால் சிலிண்டரின் துவாரத்தில் சிக்கி உடையும். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடலாகாது. மாட்டும்போது அது தெறித்துக் கிராங்க் அறைக்குள் விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரிடும். ஆகவே அறையின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். அதிலிருந்து நூலும் பிரியக் கூடாது. சுத்தமான துணி கேட்டுத் தம்பி உள்ளே குரல் கொடுத்தான். தாய் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, தம் கையாலேயே கிழித்துக் கொடுத்தார். பின்பு உள்ளே போகாமல் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் முறை கிளப்பியபோது உடனே முறுக்க விடவில்லை. அலுமினிய பிஸ்டன் சிலிண்டரைவிட விரைவில் விரிவடையும். குளிர்ந்த எஞ்சினை விரட்டினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் கைக்கு வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்தோம். நீலப்புகை கொட்டகையை நிறைத்தது. அந்த மணம்தான் ஞாயிறு மாலைகளில் அவருடைய சட்டையில் இருக்கும் என்றார் சகோதரி. எஞ்சின் நிற்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

ஓட்டுவதா விற்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. சென்ற வாரம் வண்டியை வாங்க விரும்பிய ஒருவர் தொலைபேசியில் அழைத்தாராம். இந்த மாதம் வேண்டாம் என்று சகோதரி சொல்லியிருக்கிறார். நேற்று நான் போனபோது ஃபில்டர் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி அதை எடுக்கப் போனான். தாய் அதை விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, “நடுவில் இன்னும் ஈரமிருக்கிறது, நாளைக்கு எண்ணெய் போடு” என்றார்.