மருந்தடிக்கிற நாள்

மூடாப்புப் போட்டு இரண்டு நாள் தூறினால் போதும், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை இலையின் அடிப்பக்கம் வெள்ளை பூக்கும். அடிச்சாம்பல் நோய். பெரியப்பா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மருந்தடிச்சிரணும்" என்பார். அன்று ராத்திரியே மயில்துத்தத்தைப் பொடித்து ஊறப்போட்டுவிடுவார்கள்.

100 லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. துத்தத்துக்கு மண்தொட்டிதான், இரும்பு வாளியைக் கிட்டே கொண்டுபோனால் வசவு விழும். இரண்டையும் தனித்தனியே 50 லிட்டரில் கரைத்து, சுண்ணாம்புப் பாலில் துத்தத் தண்ணீரை மெதுவாக ஊற்ற, நான் குச்சியால் கலக்கிக்கொண்டே இருப்பேன். பளபளவென்று தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுப்பார் பெரியப்பா. கத்தியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். "இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு ஊத்துப்பா" என்பார். கத்தி வெள்ளையாகவே வரும்வரை விடமாட்டார். அந்த நீலத்தைப் போல ஒரு நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கலக்கியதை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். பலகையில் நிற்கிற ராக்கர் பம்பின் கைப்பிடியை ஓர் அண்ணன் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருப்பார். ஆட்டம் நின்றால் அழுத்தம் போய்விடும். நீண்ட ஓஸின் நுனியில் லான்ஸைப் பிடித்தபடி இன்னொரு அண்ணன் பந்தலுக்கடியில் அண்ணாந்து நடப்பார். கொடி தலைக்கு மேலே. அடித்ததில் பாதி அவர் மேலேதான் இறங்கும். தலையில் துண்டு, உடம்பில் பழைய சட்டை, அவ்வளவுதான் காப்பு. மத்தியானம் கிணற்றடியில் அவர் புருவமெல்லாம் நீலமாக இருக்கும்.

கந்தகத் தூள் தூவுகிற நாள் வேறு மாதிரி. நெஞ்சில் தொங்கும் தூவானின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மஞ்சள் புகை கிளம்பும். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவினால்தான் ஒட்டும். வெயில் ஏறினால் இலை வெந்துவிடும். கண்ணெரிச்சலோடுதான் எல்லோரும் வீடு திரும்புவார்கள். வீட்டுக் கொல்லையில் அப்பத்தாவின் கருவி இதைவிட எளிது: அவரையில் அசுவினி விழுந்தால், அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து காலையில் தட்டுவார். வயலில் பி.எச்.சி. என்ற பூச்சி மருந்துப் பவுடரையும் அப்படித்தான் சாக்குத்துணியில் கட்டி வெறுங்கையால் தட்டினார்கள். 1997இல் அது தடை செய்யப்படும் முன், எத்தனை பேர் மூச்சுக்குள் போனதோ.

ஆனால் எனக்கு இன்றும் பொறுக்காத காட்சி ஒன்று உண்டு. சுண்ணாம்புக் கசடு நாசிலை அடைத்துக்கொள்ளும். லான்ஸ் பிடித்த அண்ணன் அதைக் கழற்றி, வாயில் வைத்து ஊதுவார். துத்தம் என்றாலும் ஊதுவார், பூச்சி மருந்து என்றாலும் ஊதுவார். யாரும் தடுத்ததில்லை.

இப்போது முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்பிரேயர் வந்துவிட்டது. ஊதுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. மருந்தடிக்கப் போகிறவர்கள் ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கூடக் கொண்டுபோங்கள். கலக்கியதைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். நாசில் அடைத்தால் கழுவுங்கள். தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள்.